பக்கத்து வீட்டாரின் ஊர்

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறை என்றால் பெரும்பாலும் ஒரே திசைதான். ஜூனோ ஆண்டிறுதியோ, திருச்சிக்கோ சென்னைக்கோ டிக்கெட் எடுத்துவிடுவோம். குலதெய்வம், ஒரு கல்யாணம், ஜவுளிக்கடை, சித்தப்பா வீட்டு விருந்து என்று நாள் பறந்துவிடும். பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி ஊர் தெரிய வேண்டும், அதில் குறை இல்லை. ஆனால் நாம் குடியிருக்கும் புளோக்கில் பெரும்பாலான வீடுகளுக்கு வேறொரு பூர்வீகம் இருக்கிறது. அந்த ஊர்களுக்கு யாரும் நம்மைக் கூப்பிடுவதில்லை, நாமும் கிளம்புவதில்லை.

எங்களைக் கிளப்பியவள் மகள். பக்கத்து வீட்டு ஆ மாவும் என் மாமியாரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பாசார் மலாயில் பேசிக்கொள்வார்கள். ஒருவர் திருவாரூர்ப் பக்கத்துக் கதை சொன்னால் மற்றவர் தோங்ஆன் கதை சொல்வார். ஆ மா பிறந்தது சிங்கப்பூரில். அவருடைய அப்பா கப்பலேறிய ஊர் தோங்ஆன். இன்று அது சியாமென் நகரின் ஒரு வட்டாரம். “திருவாரூர் பார்த்தாச்சு, தோங்ஆன் எங்கம்மா இருக்கு?” என்று மகள் கேட்டாள். 2024 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூர்க் கடப்பிதழுக்குச் சீனாவில் 30 நாள்வரை விசா தேவையில்லை. விமானத்தில் நாலரை மணி நேர அளவுதான். மறுப்பதற்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை.

சியாமெனின் பழைய பெயர் அமோய். 1842இல் ஆங்கிலேயருக்குத் திறந்துவிடப்பட்ட ஐந்து துறைமுகங்களில் ஒன்று. நம் ஊர் அமோய் ஸ்திரீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு இந்தப் பெயர் புதிதில்லை. சோங்ஷான் சாலையில் இறங்கியதுமே மகள் நின்றுவிட்டாள். முன்னால் தள்ளி நிற்கும் மாடி, அதைத் தாங்கும் தூண்கள், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்கத் தோதான நடைவழி. “இது சைனாடவுன்தானே?” என்றாள். இரண்டு ஊர்களுக்கும் ஒரே மழை, ஒரே கடல் வாணிபம், கட்டியவர்களும் உறவுக்காரர்கள். கட்டடம் ஒத்துப்போனதில் வியப்பில்லை.

சாப்பாட்டிலும் அந்த உறவு தெரிந்தது. ‘சாச்சா’ நூடல்ஸ் கடையில் குழம்பின் மணம் வந்ததும் மகள் கண்ணை மூடிக்கொண்டு “சாத்தே” என்றாள். நிலக்கடலை, காய்ந்த இறால், மசாலா. தென்கிழக்காசியாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்த ருசி இது என்கிறார்கள். கடலை குழைந்து பாலாகும்வரை காய்ச்சிய இனிப்பு சூப்பைக் காலையில் யூ தியாவ் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். அதை அவள் இரண்டு கிண்ணம் குடித்தாள். கடற்புழுவை வேகவைத்துக் கட்டியாக உறைய வைத்த பண்டத்தை மட்டும் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாக அப்பாவிடம் நகர்த்தினாள். அப்பாவுக்கு அன்று சனிக்கிழமை சைவம். அவருக்காகத் தென் புத்துவோ கோவிலின் சைவ உணவகத்துக்குப் போனோம். அதன் பிறகு அங்கே போக சனிக்கிழமை தேவைப்படவில்லை.

பிள்ளையோடு போனால் ஊர் சீக்கிரம் பேச வருகிறது. பேருந்தில் ஒரு பாட்டி மகளின் கையைத் தொட்டுப் பார்த்து, சட்டை போதாது என்று என்னைக் கடிந்துகொண்டார். சொல் புரியவில்லை, கண்டிப்பு புரிந்தது. ஆ மாவும் மின்தூக்கியில் இதே குரலில்தான் சொல்வார்.

குலாங்யூ தீவில் கார் ஓடுவதில்லை. மூட்டை முடிச்சுகளை ஆட்கள் கைவண்டியில் இழுத்துப் போகிறார்கள். இரண்டு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான அந்த இடத்தில் பழைய தூதரகக் கட்டடங்கள், தேவாலயங்கள், பியானோ அருங்காட்சியகம் எல்லாம் இருக்கின்றன. 2017இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியது. மகளுக்குப் பிடித்துப்போனது ஒரு முடிதிருத்துநரின் கதை. ஹுவாங் யிசூ ஜாவாவுக்குப் பிழைக்கப் போய், தெருத்தெருவாக முடி திருத்தித் தொடங்கி, செமராங்கில் சர்க்கரை வணிகத்தில் பெரும் பணக்காரராகி, 1919இல் இங்கே திரும்பியவர். வந்து மாளிகை கட்டியதோடு நிற்காமல் சியாமெனுக்குக் குடிநீர் நிறுவனமும் தொலைபேசி நிறுவனமும் வரக் காரணமாக இருந்தார். தீவின் அழகான வீடுகளில் பல, இப்படி வெளியூரில் உழைத்தவர்களின் பணம்.

சியாமெனின் இன்னொரு பகுதி ஜிமெய். அங்கே ஒரு பெயரைப் பார்த்து மகள் துள்ளினாள். தான் கா கீ. அவளுக்கு அவர் டௌன்டவுன் பாதையில் வரும் ஒரு எம்ஆர்டி நிலையம். அந்த நிலையத்துக்கு ஒரு முகமும் பிறந்த வீடும் இருப்பதை அன்றுதான் அறிந்தாள். 1874இல் ஜிமெய்யில் பிறந்து, பதின்ம வயதில் சிங்கப்பூர் வந்து, அன்னாசியிலும் ரப்பரிலும் சம்பாதித்தவர். 1913இல் சொந்த ஊரில் பள்ளி, 1919இல் சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளி, 1921இல் சியாமென் பல்கலைக்கழகம். உலகப் பொருளாதார மந்தத்தில் தொழில் நொடித்து 1934இல் நிறுவனத்தை மூடினார். ஆனாலும் பல்கலைக்கழகத்தை 1937இல் அரசிடம் ஒப்படைக்கும்வரை விடாமல் தாங்கினார். கடலோர ஆமைத் தோட்டத்தில் அவருடைய கல்லறை. சுற்றிலும் விலங்குகள், தொழில்கள், விளையாட்டுகள் என்று நூற்றுக்கணக்கான கல் சிற்பங்கள். மகள் அவற்றை ஒவ்வொன்றாகப் படம் பார்ப்பதுபோலப் பார்த்ததில் நாங்கள் மதியச் சாப்பாட்டைத் தவறவிட்டோம்.

இவர்கள் பெரும் பணக்காரர்கள். ஆ மாவின் அப்பா சுமை தூக்கியவர். அவரைப் போன்றவர்கள் பணத்தையும் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு ஊருக்கு அனுப்பினார்கள். அந்தக் கடிதங்களை 2013இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. நம் வீடுகளின் மணியார்டர் காலத்தை அறிந்தவர்களுக்கு அவற்றில் என்ன எழுதியிருக்கும் என்று விளக்க வேண்டாம்: கூரையை மாற்று, தம்பியைப் படிக்க வை, நான் நலம். தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நாகூர் தர்காவும் தியன் ஹொக் கெங் கோவிலும் ஒரே வரிசையில் நிற்பதை மகள் கற்றல் பயணத்தில் பார்த்திருக்கிறாள். இவர்களெல்லாம் கப்பலில் வந்திறங்கிய காலத்தில் அந்தத் தெரு கடற்கரை. கரையேறிய நம்மவர்கள் நாகூர் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள். ஹொக்கியன் மக்கள் கடல் தேவதை மாசூவுக்கு.

சுவான்சோவுக்கும் போனோம். சியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் சிறிது நேரம்தான். குப்ளாய் கான் ஆட்சியில், 1281இல், அவர் உடல்நலம் வேண்டிச் சிவன் கோவில் அமைத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர். கைய்யுவான் பௌத்தக் கோவிலின் பின்புறம் இரண்டு தூண்களில் நரசிம்மரும் மருத மரங்களைச் சாய்க்கும் கண்ணனும் இருக்கிறார்கள். இடிந்துபோன இந்துக் கோவிலின் கற்களை மிங் காலத் திருப்பணியில் இங்கே பொருத்தியிருக்கிறார்கள். கண்ணனைக் கண்டதும் எனக்கு முதுகு நிமிர்ந்தது. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

“இந்தத் தூண் நம்மளதா, அவங்களதா?” என்று மகள் கேட்டாள். செஞ்சது நம்மளாட்டம் ஆளுங்க, விழாம வச்சிருக்கிறது அவங்க என்றேன். “அப்ப ரெண்டு பேரோடதும்” என்று முடித்துவிட்டு, கோபுரத்தில் செதுக்கியிருந்த குரங்கு வீரனைப் பார்க்க ஓடினாள்.

தமிழர்கள் எங்கே போனாலும் முதலில் நம் தடத்தைத் தேடுகிறோம். கம்போடியாவில் தேடுகிறோம், சுமத்ராவில் தேடுகிறோம், சீனாவிலும் தேடுகிறோம். கிடைத்தால் பெருமை, பெருமைப்பட வேண்டியதும்தான். ஆனால் ஓர் ஊருக்குப் போய் அங்கே நம்மை மட்டும் பார்த்துத் திரும்பினால், கண்ணாடி பார்க்க விமானம் ஏறியதுபோல ஆகிவிடும். அந்த இரண்டு தூண்களுக்கு முன்னால் நான் செலவழித்த நேரத்தைவிட, ஜிமெய்யில் ஒரு எம்ஆர்டி நிலையம் மனிதராக மாறியதை மகள் பார்த்த நேரம்தான் அவளுக்கு உதவும். அந்த மனிதரின் ஊர்க்காரர்களோடுதான் அவள் பள்ளிக்குப் போகிறாள், பேருந்தில் ஏறுகிறாள், நாளை வேலை பார்ப்பாள்.

இன்னொன்று. 1281இன் கல்வெட்டுக்கு அவசரமில்லை. எழுநூறு ஆண்டு காத்திருந்த கல் இன்னும் காத்திருக்கும். ஆ மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அப்பா எந்தத் துறையில் கப்பலேறினார், கூட யார் வந்தார்கள் என்பதெல்லாம் எந்தக் கல்லிலும் இல்லை. அதைக் கேட்க ஆள் இருக்க வேண்டும். கேட்பவருக்கு அந்த ஊர் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். இப்போது தாழ்வாரத்துப் பேச்சில் மகளும் மூன்றாவது ஆளாக உட்காருகிறாள். எதிர்வீட்டு மலாய்த் தாத்தாவின் குடும்பம் பாவியான் தீவிலிருந்து வந்தது என்று அதற்குள் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டாள். சுராபாயா வழியாகப் படகில் போகலாமாம். ஜூன் மாதம் கடல் எப்படி இருக்கும் என்று அவரையே விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.