தோல் மணக்கும் எண்ணெய்

திருவல்லிக்கேணியில் அத்தர் கடை வைத்திருக்கும் நண்பருக்குப் பூர்வீகம் வாணியம்பாடி. தகப்பனார் காலம்வரை குடும்பத்துக்கு அங்கே தோல் ஷாப்பு இருந்தது. “ஸ்கூல்ல பக்கத்துல உக்கார மாட்டானுங்க, தோல் நாத்தம்னு. இப்ப அதே வாசனைய அரைத் தோலா என்ன விலைன்னு கேட்டு வாங்கிட்டுப் போறானுங்க” என்று சிரித்தபடி, கண்ணாடிக் குச்சியால் என் மணிக்கட்டில் ஒரு பொட்டு எண்ணெய் வைத்தார். கறுப்புத் தேன் நிறம். முகர்ந்ததும் மாட்டுத் தொழுவம். முகத்தைச் சுளித்தேன். “கழுவாதீங்க, மத்தியானம் மோந்து பாருங்க” என்றார். பேருந்தில் பாதி வழியில் தொழுவம் போய், ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் காயவைத்த தோலைப் பிரித்தாற்போல் ஒரு வாசனை எழுந்தது. இரவில் அதுவும் அடங்கி, உலர்ந்த மரத்தின் மணம் மட்டும் மறுநாள் குளிக்கும்வரை கையில் இருந்தது.

வளைகுடாக் கடைகளில் இதற்கு ‘ஹிந்தி ஊத்’ என்று பெயர். நம் பழைய இலக்கியப் பெண்கள் கூந்தலுக்குப் புகையூட்டிய அகிலின் எண்ணெய். சிலப்பதிகாரத்தில் கீழ்க்காற்றோடு வந்த மரக்கலங்களின் சரக்கிலும் அகில் உண்டு. நண்பரின் சரக்கு வருவது மத்திய அசாமிலுள்ள ஹோஜாயிலிருந்து. அங்கே எண்ணெய் வடிக்கும் ஒருவருக்குப் போன் செய்து, “நம்ம ஆளு, எழுதுறவர், எல்லாத்தையும் காட்டுங்க பாய்” என்று சொல்லிவைத்தார். குவஹாத்தியிலிருந்து லாம்டிங் போகும் ரயில் பாதையில் இருக்கிறது ஹோஜாய். வளைகுடாவில் பெரிய பெயரெடுத்த அஜ்மல் வாசனைக் குடும்பத்துக்கும் பூர்வீகம் இந்தப் பகுதிதான்.

வாசனைத் தொழிலில் அடிமணம் என்பது கடைசிவரை தங்குவது. எலுமிச்சையும் ஆரஞ்சும் நிமிடங்களில் பறந்துவிடும். ரோஜாவும் மல்லிகையும் சில மணி நேரம் தாங்கும். பிறகு மிஞ்சுவது அடியில் போட்ட மரமும் பிசினும்தான். மேலே உள்ள பூக்களை ஓடவிடாமல் பிடித்துவைப்பதும் அவைதான். அரபுக் கலவைகளில் ரோஜாவுக்கும் குங்குமப்பூவுக்கும் கீழே ஊத் இருப்பது இதற்காகத்தான். ஐரோப்பியர்கள் தோல் மணத்துக்குப் பூர்ச்ச மரப்பட்டையை எரித்து எடுத்த தாரையும், பிற்பாடு ஆய்வுக்கூடத்தில் செய்த குயினோலின் வகைகளையும் நம்பினார்கள். பிரான்சின் கிராஸ் நகரம் வாசனைத் தலைநகரானதற்கே அங்கிருந்த தோல் பதனிடும் தொழில்தான் காரணம்; கையுறைகளின் நாற்றத்தை மறைக்கப் பூவைத் தேடியவர்கள் அவர்கள். மறைக்கப் பார்த்த அதே நாற்றத்தை இன்று பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள்! 2002-இல் ஈவ் சான் லொரான் நிறுவனம் எம்7 என்ற வாசனையை வெளியிட்ட பிறகுதான் ஊத் மேற்கத்தியக் கடைகளில் பரவலாக நுழைந்தது. இப்போது ஷாம்பூவில்கூட அந்தப் பெயரைப் போடுகிறார்கள். பெரும்பாலும் பெயர் மட்டும்தான்.

அசாமில் அகில் மரத்துக்குச் சாஞ்சி என்றும் பெயர். கோலாகாட், ஜோர்ஹாட், சிவசாகர் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் பாக்கு மரங்களுக்கு நடுவே நிற்கும். ஒரு காலத்தில் இதன் பட்டையைப் பதப்படுத்தித்தான் அசாமியர் ஏடு எழுதினார்கள். யானை வளர்ப்பைப் பற்றிய ஓவியங்கள் நிறைந்த ஹஸ்திவித்யார்ணவம் 1734-இல் இந்தப் பட்டையில்தான் எழுதப்பட்டது. ஏழாம் நூற்றாண்டில் காமரூபத்து அரசன் பாஸ்கரவர்மன் ஹர்ஷனுக்கு அனுப்பிய பரிசுகளில் அகில் பட்டை ஏடுகளும் இருந்ததாகப் பாணபட்டர் எழுதுகிறார்.

நல்ல ஆரோக்கியமான சாஞ்சி மரத்தில் ஒன்றுமே கிடையாது. வெள்ளை வெளேரென்று, கையில் எடுத்தால் கனமே இல்லாத, மணமில்லாத மரம். ஒரு வகைப் புழு தண்டைத் துளைக்க வேண்டும், அந்தத் துளை வழியே பூஞ்சை நுழைய வேண்டும். அதை எதிர்த்து மரம் சுரக்கும் பிசின்தான் கறுப்பாய்ப் படிந்து அகிலாகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் வங்கதேசத்துச் சில்ஹெட்டில் மரம் முழுக்க இரும்பு ஆணி அடித்தே காயப்படுத்துகிறார்கள். நோய் வந்த மரத்துக்குத்தான் விலை. அதுவும் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்பது வெட்டிப் பிளந்தால்தான் தெரியும்.

பிளந்தபின் வேலை உளிக்கு வருகிறது. ஹோஜாயில் நண்பர் சொல்லிவைத்தவரின் பட்டறைக்குப் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் சாக்கு விரித்துத் தரையில் உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும்விட மூத்தவரை அந்தப் பட்டறையே சாச்சா என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன். இந்தியும் வங்காளமும் கலந்த அவர் பேச்சைப் பட்டறைக் கணக்குப்பிள்ளை எனக்கு நிதானமான இந்தியில் திருப்பிச் சொன்னார்.

சாச்சாவிடம் இருந்த உளிகள் எதுவும் கடையில் வாங்கியவை அல்ல. லாரிப் பட்டையை உலையில் வைத்து அடித்துச் செய்தவை. ஒன்று நேராக, ஒன்று நகம்போல் வளைந்து, ஒன்று நுனி மட்டும் கொக்கியாகத் திரும்பி. கட்டையை இரண்டு பாதங்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, வளைந்த உளியை உடம்புப் பக்கமாக இழுக்கிறார். வெள்ளைச் சீவல் சுருண்டு விழுகிறது. பழுப்புக் கீற்று தெரிந்ததும் உளி நின்றுவிடுகிறது. கீற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கட்டையைத் திருப்பிப் பார்க்கிறார். கொக்கி உளியை எடுத்துப் புழுத் துளைக்குள் விட்டுச் சுரண்டி, வெள்ளையை மட்டும் வெளியே எடுக்கிறார். வெள்ளை மிஞ்சினால் விலை குறையும்; கறுப்பில் ஒரு சீவல் போனால் அதன் விலை அவருடைய அன்றைய கூலியைவிட அதிகம். ஒரு கையளவு துண்டை முடிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் என் கையில் கொடுத்தார். பவளப் பாறை மாதிரி ஓட்டையும் முடிச்சுமாக, அந்த அளவுக்குச் சம்பந்தமில்லாத கனத்தோடு இருந்தது.

“எப்படிக் கத்துக்கிட்டீங்க?” என்றேன்.

“கத்துக்கவா? பசிதான்” என்றார்.

பதினைந்து வயதுக்குள் காட்டுக்குப் போனவர். அந்தக் காலத்தில் கூட்டமாக மலைக்காடுகளில் ஏறி, அரிசியும் உப்பும் முதுகில் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் சாஞ்சி மரம் தேடுவார்களாம். கோடரியின் பின்பக்கத்தால் தட்டி, சத்தத்தை வைத்து உள்ளே சரக்கு இருக்கிறதா என்று சொல்கிறவர்தான் கூட்டத்துக்குத் தலைவர். காது தப்பினால் மரமும் போச்சு, உழைப்பும் போச்சு. மலேரியாவில் உடன் வந்தவரைக் காட்டிலேயே புதைத்துவிட்டுத் திரும்பிய வருஷத்தோடு அவர் மலையேறுவதை நிறுத்திவிட்டார். காட்டு மரங்களும் அதற்குள் தீர்ந்துகொண்டிருந்தன. 1995 முதல் இந்த மர இனம் அருகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. சாச்சாவுக்கு சைட்டிஸ் தெரியாது. “தட்டினா எல்லாம் வெத்துச் சத்தம் ஆயிடுச்சு, அதான் நின்னுட்டோம்” என்பது அவர் கணக்கு.

கறுப்பு அதிகமுள்ள துண்டுகள் அப்படியே புகைக்கப் போய்விடும். கீற்றுக் கீற்றாக இருப்பவைதான் எண்ணெய்க்கு. அவற்றை நறுக்கித் தூளாக்கும் இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, காது கிழிகிறது, அவ்வளவுதான். சொல்ல வேண்டியது ஊறல் பீப்பாய்களைப் பற்றி. முற்றத்தில் வரிசையாக நீல பிளாஸ்டிக் பீப்பாய்கள். உள்ளே தூளும் தண்ணீரும். மேலே நுரை கட்டி, ஓரத்தில் பூசணம் படர்ந்திருந்தது. மூடியைத் திறந்ததும் நான் இரண்டடி பின்வாங்கினேன். நண்பர் கையில் வைத்த எண்ணெயின் முதல் வாசனை, அந்தத் தொழுவம், இங்கேதான் பிறக்கிறது.

கொஞ்ச நாள் ஊறினால் எண்ணெய் சுத்தமான மர மணத்தோடு வரும். வாரக்கணக்கில் விட்டால் புளித்து, தோலும் தொழுவமும் ஏறும். “இத்தனை நாள்னு புத்தகத்துல கிடையாது. மழைக்காலத்துல ஒரு கணக்கு, வெயில்ல ஒரு கணக்கு” என்றார் பட்டறைக்காரர். பழைய அரபு வாடிக்கையாளர்களுக்குத் தோல் வாடை தூக்கலாக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் குறைத்துக் கேட்கிறார்கள். ஒரு பீப்பாயில் கைவிட்டுத் தூளைப் பிழிந்து, விரலைத் தேய்த்து முகர்ந்து, “இன்னிக்கு இதை ஏத்து” என்று ஆளிடம் சொன்னார். ஐரோப்பாவில் ஆய்வுக்கூடம் வைத்துச் செய்யும் தோல் மணத்தை இங்கே ஒரு மனிதர் பீப்பாயில் வளர்க்கிறார்.

ஊறிய தூள் தண்ணீரோடு வாலையில் ஏறுகிறது. கீழே விறகு நாள்கணக்கில் அணையாமல் எரிய வேண்டும். ஆவி குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் குளிர்ந்து, கலத்தில் சொட்டுகிறது. தண்ணீர்மேல் மெல்லிய ஆடையாகத் திரளும் எண்ணெயை உள்ளங்கையால் ஒற்றி எடுத்துக் குப்பியின் வாயில் வழிக்கிறார்கள். கரண்டியில் எடுத்தால் தண்ணீரும் வருமாம். அத்தனை பெரிய வாலைக்குக் கிடைப்பது கைக்கு அடக்கமான ஒரு குப்பி. ஒரு தோலா என்பது ஏறக்குறைய 11.66 கிராம், அந்த அளவில்தான் வியாபாரம். எண்ணெய் போன சக்கைத் தூளும் ஊதுவத்திக்கு விலைபோகிறது. மாடியில் குப்பிகளைத் திறந்துவைத்து, மிச்ச ஈரம் போக வெயில் காட்டியிருந்தார்கள்.

ஒரே மாதிரி இரண்டு வடிப்பு வராது என்பதால் கடைசி வேலை கலப்பது. தோல் தூக்கலான வடிப்பில் மர மணம் மிகுந்ததைச் சேர்த்து, வாங்குகிறவருக்குப் பழகிய மணத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இது நேர்மையான கலப்பு. நேர்மையில்லாத கலப்பும் இருக்கிறது: மணமற்ற ரசாயன எண்ணெயை ஊற்றிப் பெருக்குவது. அது எந்த ஊரில் நடக்கிறது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த ஊரைக் கைகாட்டுகிறார்கள்.

இனிக் காசு. கோலாகாட்டில் தோட்டக்காரரிடம் தரகர் நிற்கும் மரத்துக்கே விலை பேசுகிறார். பட்டையில் எத்தனை துளை, அடியில் எவ்வளவு புழுத்தூள் என்று பார்த்து ஒரு மதிப்பு. உள்ளே வெறும் வெள்ளையாக இருந்தால் நஷ்டம் தரகருக்கு என்பது உண்மைதான். ஆனால் அவர் வாங்குவது ஒரு மரத்தை அல்ல, ஊரையே. பத்தில் இரண்டு மரம் கறுத்திருந்தால் எட்டின் நஷ்டமும் அடைந்துவிடும். வளர்த்தவருக்கு எது கறுத்தது என்பது கடைசிவரை தெரியவே தெரியாது. அடுத்தடுத்த கைகள் ஹோஜாய், மும்பை, துபாய். ஒவ்வொரு கையிலும் விலை ஏறுகிறது, சரக்கில் புதிதாக எதுவும் ஏறுவதில்லை. அந்தத் தோலா புட்டியின் மணத்தை உண்டாக்கியது யார்? பதினைந்து வருஷம் மரத்துக்குத் தண்ணீர் விட்டவர், வெள்ளையையும் கறுப்பையும் பிரித்த உளிக்காரர், பீப்பாயை முகர்ந்தவர். இவர்களில் மூன்றாமவருக்கு மட்டும் கொஞ்சம் லாபம். சாச்சாவின் நாள்கூலி நம்மூர்க் கொத்தனார் கூலிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அறுபது வயதைத் தாண்டிய கண்ணுக்கு ஒரு கண்ணாடிகூடப் பட்டறைச் செலவில் கிடையாது!

ஏற்றுமதிக்கு வழியில்லாமல் சரக்கு கள்ளத்தனமாகப் போன காலத்தில் தரகரை விட்டால் கதியில்லை என்று சொன்னார்கள். 2020-இல் அசாம் அரசு அகில் மேம்பாட்டுக் கொள்கையை அறிவித்தது. 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 1,51,080 கிலோ சீவலும் தூளும், 7,050 கிலோ எண்ணெயும் ஏற்றுமதி செய்ய இந்தியாவுக்கு ஒதுக்கீடு கிடைத்திருக்கிறது. அந்தச் சாக்கும் இனிச் செல்லாது. ஆனால் உரிமம், சான்றிதழ், துறைமுகத்துக் காகிதம் என்று அலையத் தெம்புள்ளவர் மறுபடியும் பெரிய வியாபாரிதான். காஞ்சிபுரத்து நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்துத் தங்கள் சேலையைத் தாங்களே விற்க முடிகிறது. சங்கம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பேரம் பேச ஒரு மேசை கிடைத்தது. ஹோஜாயின் உளிக்காரர்களுக்கு அந்த மேசைகூட இல்லை. ஏற்றுமதி ஒதுக்கீட்டில் ஒரு பங்கை மரம் வளர்ப்பவர்களும் செதுக்குகிறவர்களும் சேர்ந்த சங்கங்களுக்கென்று தனியே எழுதிவைக்க அரசால் முடியும். அதைச் செய்யாமல் வேறு எந்தக் கொள்கையை அறிவித்தாலும் பயனடையப்போவது தரகர்தான்.