ஏரியின்மேற் படர்ந்த புகை

ஜெனீவாவிலே புகைவண்டி ஏறி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கிழக்கு நோக்கிச் சென்றால் மொந்திரோ என்னும் சிறு நகரை அடையலாம். வழிநெடுக வலப்புறத்தே இலேமன் ஏரி விரிந்து கிடக்கும். இடப்புறத்தே திராட்சைத் தோட்டங்கள் படிபடியாக மலையேறும். நாம் அங்குச் சென்றது சில்லோன் கோட்டையைக் காண்பதற்கே. 1816இல் ஆங்கிலக் கவிஞர் பைரன் பாடிய அக்கோட்டைச் சிறையாளன், மாணவப் பருவத்திலேயே நம் உள்ளத்தில் இடம்பிடித்தவன்.

ஆயின் லோசான் நகரில் வளரும் நம் மருமகன், பதினாறு வயதினன், வேறு திட்டத்தோடு வந்திருந்தான். "கோட்டை எங்கும் ஓடிவிடாது, மாமா. முதலிற் கசினோவைப் பார்ப்போம்" என்றான். சூதாட்ட மண்டபத்திலே ஆசிரியர் ஒருவருக்கு என்ன அலுவல் என்று வினவினோம். "சூதாட அல்ல. அது எரிந்த கதை உங்களுக்குத் தெரியாதா?" என்று அவன் வியப்போடு கேட்டான். நமக்குத் தெரியாது. அவன் வீட்டிலே கிற்றாரில் ஓயாது மீட்டி நம் பகற்றுயிலைக் கெடுத்துவந்த ஓசைக்கும் அந்நெருப்புக்கும் தொடர்புண்டு என்பதை ஏரிக்கரையில் நடந்தபடியே அறிந்துகொண்டோம்.

1971ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி பிற்பகல். 1881இல் எழுந்த பழைய கசினோ மண்டபத்திலே அமெரிக்கரான பிராங் ஸாப்பாவும் அவர் குழுவினரும் இசை நிகழ்த்திக்கொண்டிருந்தனர். கூட்டத்திலிருந்த ஒருவன் ஒளிக்குண்டுத் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டான். பிரம்பு வேய்ந்த உட்கூரை பற்றிக்கொண்டது. ஸாப்பா இசையை நிறுத்தி, பதற்றமின்றி வெளியேறுமாறு சபையோரைக் கேட்டுக்கொண்டார். மொந்திரோவின் ஜாஸ் இசைவிழாவை 1967இல் தொடக்கிவைத்தவர்களுள் ஒருவரான குளோட் நோப்ஸ், புகைக்குள்ளே புகுந்து இளைஞர்களை வெளியே கொண்டுவந்தார். கட்டடம் முழுவதும் சாம்பலாயிற்று. ஸாப்பா குழுவினரின் கருவிகளும் அழிந்தன. ஆயினும் உயிரிழந்தார் எவருமிலர். ஒரு மூடனின் விளையாட்டு எத்தனை வீடுகளை இழவு வீடாக்கியிருக்கும் என்று எண்ணியபோது நமக்கு மெய் சிலிர்த்தது. (ஸாப்பாவுக்கு அது கெட்ட காலம் போலும்! அடுத்த ஆறாம் நாள் லண்டன் அரங்கொன்றில் அவரை ஒருவன் மேடையிலிருந்து கீழே தள்ளிப் படுகாயப்படுத்தினான்.)

எரியும் மண்டபத்தைத் தம் விடுதியிலிருந்து பார்த்து நின்றோருள் 'டீப் பேர்ப்பிள்' என்னும் ஆங்கில றொக் குழுவினரும் இருந்தனர். அன்றைய நிகழ்ச்சியோடு கசினோ குளிர்காலத்துக்கு மூடப்படும். அதன்பின் அங்கே தம் புதிய இசைத்தட்டைப் பதிவுசெய்யலாம் என்பதே அவர்கள் ஏற்பாடு. றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினருக்குச் சொந்தமான ஒலிப்பதிவு லொறியையும் வாடகைக்கு அமர்த்தியிருந்தனர். லொறி இருந்தது, பாட இடம் இல்லை. காற்றோ புகையை ஏரியின்மேற் பரப்பிக்கொண்டிருந்தது.

நோப்ஸ் அவர்களுக்கு 'பவிலியன்' என்னும் அரங்கொன்றைத் தேடிக் கொடுத்தார். அங்கே ஒரு மெட்டை மட்டும் பதிவுசெய்தனர். அதற்குச் சொல்லும் இல்லை, பெயரும் இல்லை, 'தலைப்பு ஒன்று' என்றே குறித்து வைத்தனர். இரவில் எழுந்த பேரோசையால் அயலார் துயில் கெட்டு முறையிடவே, பொலிசார் வந்து கதவைத் தட்டினர். குழுவின் பணியாளர் உள்ளிருந்து கதவை அழுத்திப் பிடித்திருக்க, பதிவு ஒருவாறு முடிந்தது! பகற்றுயில் இழந்த நமக்கு அயலார் பக்கமே நியாயம் தோன்றிற்று. இதைக் கூறியபோது மருமகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அரங்கை இழந்தவர்கள், ஊரின் ஓரத்தே குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த 'கிராண்ட் ஹொட்டேல்' என்னும் பெருவிடுதியிற் புகுந்தனர். வெறிச்சோடிய தாழ்வாரமே அவர்களுக்குக் கலைக்கூடம். எதிரொலியை அடக்க மெத்தைகளைச் சார்த்தினர். லொறி வெளியே நின்றது. பாடியதை அதிற் போய்க் கேட்பதென்றால் அறைகளையும் மாடங்களையும் படிக்கட்டுகளையும் கடந்து குளிரிற் செல்லவேண்டும். ஆதலால் நாளடைவிற் கேட்பதையே விட்டுவிட்டு, நன்றாக அமைந்தது என்று தம் காதுக்குப் பட்டதை நம்பி அடுத்த பாட்டுக்குச் சென்றனராம்.

இறுதியில் இசைத்தட்டு நிரம்பச் சில நிமிடங்கள் குறைந்தன. அப்போதுதான் பவிலியனிற் பதிந்த பெயரில்லா மெட்டு நினைவுக்கு வந்தது. நெருப்புக்குச் சில நாளின் பின் துயிலெழும்போது றோஜர் குளோவர் வாயில் தானே வந்த 'ஸ்மோக் ஒன் த வோட்டர்', அதாவது 'நீர்மேற் புகை' என்னும் தொடர் அதற்குப் பெயராயிற்று. போதைப்பொருளைக் குறிப்பதாகப் பிறர் கொள்வரோ என்று முதலில் தயங்கினார்களாம். பாடகர் இயன் கில்லன் வார்த்தைகளை அமைத்தார். அவற்றில் உவமையில்லை, காதலில்லை; எவர் வந்தார், எது எரிந்தது, எங்கே போனோம் என்ற செய்தி மட்டுமே. நோப்ஸின் பெயரும் அதிலுண்டு.

மெட்டும் அவ்வாறே எளியது. றிச்சி பிளாக்மோர் இரு தந்திகளைச் சேர்த்து விரலால் மீட்டுகிறார். அவற்றின் இடைவெளி, பழந்தமிழ் இசைநூலார் 'நட்பு' என்று கூறிய நான்காம் நரம்பே. இதை விளக்கியபோது மருமகன் முதன்முறையாக நம்மை மதிப்போடு பார்த்தான்.

1972 மார்ச்சில் 'மெஷின் ஹெட்' என்ற அவ்விசைத்தட்டு வெளிவந்தபோது, வேறொரு பாட்டே புகழ்பெறும் என்று குழுவினர் நம்பி அதனைத் தனித்தட்டாக விட்டனர். நீர்மேற் புகை 1973இலேயே தனித்தட்டாக வந்து அமெரிக்காவில் நான்காம் இடத்தைப் பிடித்தது. இன்று கிற்றார் பழகும் பிள்ளைகள் பலர் முதலில் தொடுவது அதனையே.

கசினோ 1975இல் மீண்டும் எழுந்தது. புதிய கட்டடத்தைப் பார்த்தோம், சொல்லும்படியாக ஒன்றுமில்லை. நோப்ஸ் 2013இற் காலமானார். ஏரிக்கரையிலே அப்பாட்டின் பெயரையும் முதற் சுரங்களையும் தாங்கிய நினைவுச் சின்னமொன்று நிற்கிறது. அதனருகே மருமகன் நெடுநேரம் நின்று, கம்பிவேலியில் விரலால் தாளமிட்டான். அவனை அவசரப்படுத்த நமக்கு மனம் வரவில்லை.

பிறகு விரைந்து நடந்தும் பயனில்லை. நாம் சில்லோனை அடைந்தபோது கோட்டைக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஏரியின்மேல் வெண்பனி படர்ந்திருந்தது.