பத்துமலை வழியில் ஒரு புல்லின் கெட்டிக்காரத்தனம்

பத்துமலைக்கு கொமுட்டரில் போகிறவர்கள் செந்தூல் தாண்டியதும் கைப்பேசியைக் கொஞ்சம் கீழே வைக்கலாம். தண்டவாளத்தை ஒட்டி லாலாங் புல் செழித்து நிற்கும். அந்த வட்டாரத்தில், பத்து, ஜின்ஜாங் பக்கம், வெள்ளநீரைத் தேக்கும் குளங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை பழைய ஈய லம்பக் குட்டைகள்.

கோலாலம்பூரே ஈயத்தால் பிறந்த ஊர்தானே! 1857இல் 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகில் வந்து, அம்பாங்கில் தோண்டத் தொடங்கினார்கள். எடுத்த ஈயம் கப்பலேறியது. கழுவிக் கொட்டிய மணல் இங்கேயே தங்கிவிட்டது. அத்தகைய மணலில் சத்து கிடையாது, தண்ணீர் நிற்காது. போதாக்குறைக்கு ஆர்செனிக், காரீயம் போன்றவையும் தங்கியிருக்கலாம். அங்கேயும் துணிந்து முளைப்பது புல்தான்.

எப்படி முடிகிறது? வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கழிவுகளில் அந்தோணி பிராட்ஷாவும் அவருடைய மாணவர்களும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். சாதாரண மேய்ச்சல் புல்லின் விதைகளைச் செம்பு கலந்த மண்ணில் தூவினால் ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான் தேறும். தேறியவற்றின் வாரிசுகள் அந்த நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். துத்தநாகம் பூசிய மின்கோபுரங்களின் அடியில்கூட இப்படிப் பழகிய புல் உண்டு.

உள்ளே நுழைந்த உலோகத்தைப் புல் கந்தகம் கலந்த சிறு புரதத் துணுக்குகளால் கட்டி, உயிரணுவுக்குள் இருக்கும் ஓர் அறையில் அடைத்துவிடுகிறது. பல புல்வகைகளில் பெரும்பகுதி வேரோடு நின்றுவிடும். இலைக்குக் கொஞ்சம்தான் போகும். பச்சையாக இருக்கிறதே, மண் நல்ல மண்தான் என்று நம்பி லம்ப நிலத்தில் கீரை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். கீரை புல் அல்ல. மண்ணைச் சோதிக்காமல் அதை வீட்டுச் சட்டியில் போடாதீர்கள்.

இந்த வித்தையில் நம் வெட்டிவேர் பலே ஆள். மூன்று மீட்டருக்கும் கீழே வேர்விட்டு மண்சரிவைத் தடுக்கும். நம் நாட்டிலும் சாலையோரச் சரிவுகளில் நட்டிருக்கிறார்கள். சீனா, தாய்லாந்து, ஆஸ்திரேலியா நாடுகளில் சுரங்கக் கழிவை மூடவும் இதுவே உதவுகிறது. ஆர்செனிக், காட்மியம் எல்லாம் பெரும்பாலும் வேரிலேயே தங்கும். ஆடு மாடு இலையை மேய்ந்தாலும் ஆபத்து குறைவு.

நாமோ வேரைத்தான் பானைத் தண்ணீரில் ஊறப்போடுகிறோம்! பிரிக்பீல்ட்ஸ் பூசைக்கடையில் கட்டு வாங்கும்போது எங்கே விளைந்தது என்று கேட்டுவிடுங்கள். சாலைச் சரிவிலோ பழைய லம்பத்திலோ நிற்பதைப் பிடுங்கிவந்தால் அது பானைக்கு வேண்டாம்.