ஒழுகும் கோட்டை

அப்பா மூன்று மாதம் எங்களோடு இருக்க இங்கிலாந்து வந்திருந்தபோது, ஒரு மழை நாளில் டெவனில் இருக்கிற காசில் ட்ரோகோவுக்குக் கூட்டிப் போனேன். பெயர்தான் கோட்டை. உண்மையில் அது ஒரு கடைக்காரரின் கிராமத்து மாளிகை. ஹோம் அண்ட் கலோனியல் ஸ்டோர்ஸ் கடைகளில் தேயிலையும் மளிகையும் விற்றுப் பெரும் பணக்காரரான ஜூலியஸ் ட்ரூ, புதுடெல்லியை வடிவமைத்த அதே லட்யன்ஸை வைத்து 1911-ல் கட்ட ஆரம்பித்தார். முடிந்தது 1930-ல். அடுத்த வருஷமே ட்ரூ காலமாகிவிட்டார்.

கட்டின காலத்திலிருந்தே ஒழுகல். பழைய கோட்டை மாதிரித் தெரிய வேண்டும் என்று சரிவு இல்லாத தட்டைக் கூரை. அதன்மேல் அன்றைக்குப் புதுச் சரக்கான அஸ்ஃபால்ட். டார்ட்மூர் குளிருக்கும் வெயிலுக்கும் கட்டடம் சுருங்கி விரிய, அது வெடித்துவிட்டது. 1974-ல் நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்த பிறகும் ஒட்டுப்போட்டே ஓட்டினார்கள். 2013-ல்தான் முழு வேலை தொடங்கியது. ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு மேல் செலவு. புது நீர்க்காப்புத் தாளைச் சரியாக உள்ளே செருக, விளிம்புச் சுவரின் கிரானைட் கற்களையே கழற்றி எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டியிருந்தது. 900-க்கும் மேற்பட்ட ஜன்னல்களையும் பிரித்துப் பழுது பார்த்தார்கள்.

"கல்லை ஏம்பா கழட்டணும்? மேல பூசினா போதாதா?" என்றேன்.

அப்பா சிரித்தார். "தண்ணி இறங்குற இடம் வேற, சொட்டுற இடம் வேறடா. சொட்டுற இடத்துல பூசினா காசுதான் போகும்."

பத்து வருஷமாக பக் தேடியே சம்பளம் வாங்குகிறவன் நான். எனக்கே இது தோன்றவில்லை.

காரில் ஏறியதும் மெதுவாகச் சொன்னார்: "நம்ம மாடி ரூம்லயும் ஒழுகுது. மொட்டை மாடில தட்டோடு பதிச்சு முப்பது வருஷமாச்சு இல்ல."

"எப்போலேர்ந்து?"

"ரெண்டு மழைக்காலம். நீ டென்ஷனாவேன்னு அம்மா சொல்ல வேணாம்னுட்டா."

வாரம் தவறாமல் வீடியோ கால் பேசுகிறோம். அந்த அறை என்னுடையது. என் புத்தகங்கள் எல்லாம் அங்கேதான்.

"வாளி வெச்சிருக்கீங்களா?"

"வாளி பத்தல. கல்யாண அண்டாவை எடுத்து வெச்சிருக்கா."

வண்டியைக் கிளப்பாமலே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். "மாடி ரூமைக் காட்டும்மா."

அம்மா கேமராவை அடுப்புப் பக்கம் திருப்பினாள். "அதை விடு. அப்பா மழைல நனைஞ்சாரா?"