500-க்கும் 501-க்கும் நடுவே

பிளஸ் ஒன்னில் எல்லையும் தொடர்ச்சியும் பாடம் வந்ததும் பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்வது ஒரு குறுக்குவழியை: இரண்டு துண்டாக வரையறுத்த சார்பு தொடர்ச்சியாக இருக்க, இரண்டு கோவையிலும் எண்ணைப் போடு, சமப்படுத்து, தெரியாத மாறிலி வந்துவிடும். பல்லுறுப்புக் கோவை என்றால் வரத்தான் செய்யும், மார்க்கும் விழும். பிறகு எல்லை எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். மாறிலி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் அதைத் தேட முடியாது என்பதே என் பதில். சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால் பூஜ்யத்தில் எண்ணைப் போட வழியே இல்லை. ஆனால் இரு பக்கமும் 1-ஐ நெருங்குவதால் அங்கே 1 என்று வைத்துவிடலாம். எக்ஸின் மட்டு மதிப்பை எக்ஸால் வகுத்தாலோ இடப்பக்க எல்லை -1, வலப்பக்க எல்லை 1. அந்தப் புள்ளியில் எந்த எண்ணை வைத்தாலும் ஒட்டாது.

இந்த இரண்டாம் வகையைத் தமிழ்நாட்டில் காட்ட கரண்ட் பில்லே போதும். 2022 செப்டம்பரில் வந்த அப்போதைய வீட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அதன்பின் 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6, மொத்தம் 1,725. 501 ஆகிவிட்டால் 101 முதல் 400 வரை முழுதுக்கும் 4.50 என்று கணக்கே மாறியது: 1,350, அதோடு 600, அந்த ஒரு யூனிட்டுக்கு 8, ஆக 1,958. எட்டு ரூபாய் ஏற வேண்டிய இடத்தில் 233 ஏறியது. 500-க்கான தொகையை மட்டும் திருத்தி இதை ஒட்டவைக்க முடியாது. 500-க்கு மேலான கோவையின் நிலைத்தொகையை 1,950-லிருந்து 1,725-க்கு இறக்க வேண்டும். மாறிலி இருப்பது அங்கேதான்.

யூனிட் முழு எண்ணாயிற்றே, அதில் தொடர்ச்சி ஏது என்று ஒருவர் மடக்கலாம். வரையறைப்படி சரி, முழு எண்களின் மேல் எல்லாச் சார்பும் தொடர்ச்சியானதே. ஆனால் கட்டண விதி கோடுகளாக அமைந்தது. அவற்றை 500 வரை நீட்டினால் 225 ரூபாய் இடைவெளி பளிச்சென்று தெரியும். அதிகம் செலவழிப்பவருக்குச் சலுகை குறைய வேண்டும் என்பது கொள்கை அல்லவா என்பது இதைவிட வலுவான மறுப்பு. கொள்கை இருக்கட்டும், தாவாமலும் அதை நிறைவேற்றலாம். 2025-26-க்கான புதிய வருமான வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. 12,10,000-க்கு விகிதப்படி 61,500 வந்தாலும், மார்ஜினல் ரிலீஃப் அதை, 12 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையான 10,000-த்தில் நிறுத்துகிறது (செஸ் தனி). இரண்டு கோடுகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு துண்டைச் செருகியிருக்கிறார்கள். அந்தத் துண்டு எங்கே முடிகிறது? 12 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையும், 60,000-த்தோடு அதே தொகையின் 15 சதவீதத்தைக் கூட்டியதும் சமமாகும் இடத்தில். போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 12,70,588 ரூபாய் வரும்.