பழைய வேனுக்குப் புதிய டயர்

தோட்டத்து மக்களிடம் ரப்பரைப் பற்றிப் பேசப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆயினும், நம்மவர் பாலெடுத்துக் கொடுத்த ரப்பர் டயராகி வரும்போது, அதன் பக்கத்தில் பொறித்திருப்பதை நம்முள் வாசிப்போர் சிலரே. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க மட்டும் மறப்பதில்லை.

நம்மிடம் 1975ஆம் ஆண்டு வோல்க்ஸ்வேகன் வேன் ஒன்றுண்டு. உள்ளே படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைந்தது. பள்ளி விடுமுறைதோறும் முதிய தாயாரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு தாப்பா வழியே கேமரன் மலைக்குச் செல்வது வழக்கம். ஏறுகையில் கவலையில்லை, என்ஜின் இளைத்தால் நின்று செல்லலாம். இறங்குகையில், வளைவுக்கு வளைவு, அந்த நான்கு டயர்களே கதி.

டயர் மாற்ற வேண்டுமென்றதும் இல்லாள் கேட்டார்: "பள்ளம் இன்னும் ஆழமாகத்தானே இருக்கிறது? பிள்ளையின் டியூஷன் பணத்தையா இதில் போடுவது?"

நியாயமான கேள்விதான். ஆனால் இத்தகைய வண்டி ஆண்டின் பெரும்பகுதி கொட்டகையில் நிற்பது. அதன் டயர் தேய்ந்து சாவதில்லை; மூப்பினால் சாகிறது. வெயிலில் கிடந்த ரப்பர் ஷீட்டு பிசுபிசுத்துக் கெடுவதைக் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. டி.ஓ.டி. என்னும் எழுத்துக்களைத் தொடரும் வரியின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். நம் டயரில் கண்டது 1112. அதாவது 2012ஆம் ஆண்டின் 11ஆவது வாரத்தில் செய்தது. பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகளும் தென்பட்டன. இல்லாளிடம் விளக்கொளியில் அவற்றைக் காட்டினோம். அவர் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டணத்துக் கடைக்காரர் மலிவான கார் டயரொன்றை எடுத்து வைத்தார். 185/70 ஆர் 14. சுமை எண் 88. இந்த எண் கிலோவன்று; அட்டவணையில் பார்க்க வேண்டும். 88 என்றால் ஒரு டயருக்கு 560 கிலோ. இது போதுமா?

கிராணி வேலையில் நாள்தோறும் செம்பனைக் குலை லாரிகளை நிறுப்பவர் நாம். நம் வண்டியை நிறுத்துப் பார்த்தாலென்ன என்று தோன்றிற்று. மானேஜரின் அனுமதியோடு, குடும்பத்தையும் படுக்கையையும் நிறைந்த தண்ணீர்த் தொட்டியையும் ஏற்றியவாறே ஆலையின் எடைமேடைக்கு ஓட்டிச் சென்றோம். குழந்தைகளுக்கு அன்று திருவிழா! மொத்தம் 2,100 கிலோ. முன்சக்கரங்களை இறக்கிவிட்டு நிறுத்தபோது பின்புறம் மட்டும் 1,200. வோல்க்ஸ்வேகனுக்கு என்ஜின் பின்னாலன்றோ! ஆக, பின் டயர் ஒவ்வொன்றின் மீதும் 600 கிலோ. கடைக்காரர் காட்டிய டயர் நிற்கும்போதே தோற்றது. வளைவில் சுமை ஒரு பக்கம் சாயும்போது கேட்பானேன்? அன்றியும் அது உயரத்தில் குறைந்தது. வேகமானி கூடுதலாகக் காட்டும்.

நாம் வாங்கியது 185 ஆர் 14 சி, சுமை எண் 102, அதாவது 850 கிலோ. சி என்பது சரக்கு வண்டிக்குரியதென்னும் குறி. 8 பி.ஆர். என்றும் பொறித்திருந்தது, அது வலிமையின் அளவேயன்றி எட்டு மடிப்பு இருப்பதாகப் பொருளன்று. உரிய காற்று இல்லாவிடில் இந்த எண்களால் பயனில்லை. பணம் கொடுக்குமுன் நான்கு டயர்களின் வாரக் குறிப்பையும் குனிந்து பார்த்தோம். கடைக்காரர் முகம் கோணிற்று, கோணட்டும்.

பழைய டயர்களை அண்டை வீட்டு நண்பர் தம் வேனுக்குக் கேட்டார். பள்ளம் நன்றாயிருக்கிறது என்பதே அவர் வாதமும். பக்கச் சுவரைக் கத்தியால் கீறி, பூச்செடி வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தோம். அவர் இன்னும் நம்மோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை.