பேரனின் புதுக் கம்ப்யூட்டர்

ஒரு கம்ப்யூட்டருக்குக் கிட்டத்தட்ட இரண்டு லட்ச ரூபாய் என்றால் என் வயதுக்காரர்கள் பலருக்கு நெஞ்சு படபடக்கும். என் மகனுக்கே படபடத்தது. "அந்தப் பணத்துக்கு ஒரு வண்டி வாங்கலாம்ப்பா. இவன் கேம் ஆடறதுக்கா இவ்வளவு?" என்றான்.

பேரனுக்கு 24 வயது. பி.காம். முடித்துவிட்டு, அரக்கோணம், சோளிங்கர், திருத்தணி வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுத்து, அதை எடிட் செய்து கொடுக்கிறான். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி, வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும், 4கே-யில் வேண்டும் என்று கேட்டிருந்தது. அவனிடம் இருந்த பழைய லேப்டாப்பில் அது நடக்காது. சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு வரச் சொல்லி அழைப்பும் இருந்தது. போவதானால் போகட்டும், அது அவன் இஷ்டம். ஆனால் கருவி இல்லாத ஒரே காரணத்துக்காக ஊரை விட்டுப் போகக்கூடாது என்று எனக்குப் பட்டது.

பணம் கொடுப்பதற்கு முன் அவனிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். எதை வாங்கினாலும், அது எதற்கு என்று எனக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். காரணம் எழுதாத குறிப்பில் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை.

அவன் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். 4கே படத்தில் ஒரு சட்டத்துக்கு 3840 பெருக்கல் 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். பழைய ஹெச்.டி. படத்தைப் போல நான்கு மடங்கு. இத்தனையையும் அப்படியே சேமித்தால் எந்த மெமரி கார்டும் தாங்காது. அதனால் கேமரா ஒரு தந்திரம் செய்கிறது. சில சட்டங்களை மட்டும் முழுமையாக எழுதிவிட்டு, மற்றவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதுகிறது. நம் ஆபீஸ் கடிதத்தில் "பார்வையில் காணும் கடிதப்படி" என்று எழுதுவோமே, அதே மாதிரி. படிக்கிறவன் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தால்தான் புதுக் கடிதம் புரியும். எடிட் செய்யும்போது கம்ப்யூட்டர் ஒவ்வொரு நொடியும் இப்படித் தேடி எடுத்து விரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய லேப்டாப் திணறியது இதனால்தான்.

இதற்கு ஒரே ஒரு விலையுயர்ந்த சாமான் வாங்கிப் பயனில்லை. ஆபீஸில் பத்து மேஜை இருக்கும்; ஒன்பதில் வேகமான ஆட்கள் இருந்தாலும், பத்தாவது மேஜையில் கோப்பு தேங்கினால் மனு கொடுத்தவர் நடையாய் நடக்க வேண்டியதுதான். கம்ப்யூட்டரிலும் மெதுவான பாகம்தான் மொத்த வேகத்தைத் தீர்மானிக்கிறது.

பிராசசர் 12 கோர் உள்ள ஏ.எம்.டி. ரைசன் 9 7900. அதிக மின்சாரம் இழுக்காதது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தான். நம்மூர் சித்திரை வெயிலில் இது சின்ன விஷயமில்லை. மெமரி 64 ஜி.பி. 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் மதர்போர்டில் அதிகபட்சம் 64 கே.பி.தான் பொருத்த முடியும். பத்து லட்சம் மடங்குக்கும் மேல் வளர்ந்திருக்கிறது! கேமரா நொடிக்கு 100 மெகாபிட் எழுதினால் ஒரு மணி நேரப் படத்துக்கு 45 ஜி.பி. ஆகும். இரண்டு கேமரா, ஆறு மணி நேரக் கல்யாணம் என்றால் 540 ஜி.பி. அதனால் வேலை நடக்கும்போது வைத்துக்கொள்ள வேகமான 2 டி.பி. எஸ்.எஸ்.டி., முடிந்ததைக் கட்டி வைக்க 4 டி.பி. ஹார்ட் டிஸ்க். மேஜையும் ரெக்கார்டு ரூமும் தனித்தனி.

மகனுக்கு உறுத்தியது கிராபிக்ஸ் கார்டு. என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4070 சூப்பர், அது மட்டும் ரூ.60,000. "இதுதான் கேம் கார்டு" என்றான். உண்மைதான். ஆனால் இந்தக் கார்டுகள் பிறந்ததே விளையாட்டுக்காரர்களால்தான். நொடிக்கு 60 படம் வேண்டும் என்றால், ஒவ்வொரு படத்தையும் 17 மில்லி செகண்டுக்குள் வரைந்தாக வேண்டும். அதற்காக ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் சில்லு செய்தார்கள். அதே சில்லுதான் இன்று கல்யாணப் படத்தில் நிறம் திருத்துகிறது. செயற்கை நுண்ணறிவுக்கும் அதுதான் உழைக்கிறது. பகலில் வேலை பார்க்கிற மாடு சாயங்காலம் கொஞ்சம் துள்ளினால் நமக்கென்ன நஷ்டம் என்று மகனிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை.

ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாததால் அவனுக்கு வேலை குறைவு. 2024 ஆடியில் ஒரு நாள் காலை எலக்ட்ரிக் ட்ரெயினில் சென்ட்ரல் போய், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தோம். அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்துகளில் கால் வைக்க இடமில்லை. ஆடித் தள்ளுபடி மட்டும் அந்தத் தெருவுக்கு வரவில்லை. ஒரு கடையில் பில் இல்லாமல் வாங்கினால் விலை குறைப்பதாகச் சொன்னார்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டு, ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரோடு பில் கேட்டேன். நாளைக்கு ஒன்று பழுதானால் வாரண்டிக்கு அந்தக் காகிதம்தான் பேசும். மானிட்டரோடு சேர்த்து ரூ.1,95,000. என் பங்கு ரூ.1,20,000, மீதி அவன் சேமிப்பு.

வீட்டில் கூடத்து மேஜை மேல் நியூஸ்பேப்பர் விரித்துப் பாகங்களைப் பூட்டினான். நான் டார்ச் பிடித்தேன். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சில்லைக் கெடுத்துவிடும் என்பதால் அடிக்கடி கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டான். பிராசசர் உட்காரும் இடத்தில் 1,718 ஊசி முனைகள். ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தபோது நானும் அடக்கிக்கொண்டேன். அதன் மேல் பட்டாணி அளவு பசை, அதன் மேல் ஃபேன்.

ஸ்விட்ச் போட்டதும் ஃபேன் சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மகன் வாசற்படியில் நின்றுகொண்டு, "போச்சா?" என்றான். பேரன் முகம் வெளுத்திருந்தாலும், "புது மெமரிய மொதல் தடவ பழக்கப்படுத்திக்கும். நேரமாகும் தாத்தா, ஆஃப் பண்ணக்கூடாது" என்றான். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு எழுத்து வந்தது. மருமகள் உள்ளே போய் சூடம் எடுத்து வந்தாள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு 'ஓர்தினாத்தர்' என்று பெயர். 1955-இல் ஐ.பி.எம். பிரான்ஸ் கம்பெனி நல்ல பெயர் கேட்டபோது, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல் அது. உலகத்தை ஒழுங்குபடுத்துகிற கடவுளுக்கு இருந்த பழைய அடைமொழி. நம் 'கணினி' கணக்குப் போடுகிறது. அவர்கள் சொல் ஒழுங்கு செய்கிறது. அன்று கூடத்தில் பார்த்ததற்குப் பிரெஞ்சுச் சொல்தான் பொருத்தம் என்று தோன்றியது.

நம்மூர்க்காரர்களுக்கு இரண்டு யோசனை. சாதாரண இன்வெர்ட்டரை நம்பாதீர்கள். இத்தகைய பவர் சப்ளைக்கு சைன் வேவ் யு.பி.எஸ். வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். முழு வேகத்தில் ஓடும்போது எங்கள் மிஷின் சுமார் 400 வாட் இழுக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அரசு தருகிற இலவச 100 யூனிட் இரண்டு மாதத்துக்குப் போதாது.

முன்பு ராத்திரி முழுக்க ஓடி, விடியற்காலை பாதியில் நின்றுபோகும் கல்யாணப் படம் இப்போது முக்கால் மணியில் முடிகிறது. ஆம்பூர் வேலையை முடித்துக் கொடுத்தான். இரண்டாவது படமும் கேட்டிருக்கிறார்கள். சென்னை ஸ்டுடியோவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் கொடுத்த பணம் வட்டியில்லாக் கடன், மாதம் ரூ.5,000 வீதம் 24 தவணை. செப்டம்பரில் தொடங்கி இந்த மார்ச்சோடு ஏழு தவணை வந்துவிட்டது. ஏழுக்கும் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாமல்தான் ரசீது கொடுத்தேன்; அதற்கு ஐயாயிரத்துக்கு மேல் போக வேண்டும்.